பிள்ளைத்தாய்ச்சிக்கு இருக்கிற பதிவேடு பெரியவர்களுக்கு ஏன் இல்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வயதானவர்களைப் பற்றி நம் பத்திரிகைகளில் வருகிற செய்திகளைக் கவனித்தால் பெரும்பாலும் மூன்றே வகைதான். பெற்றோரைத் தவிக்கவிட்ட பிள்ளைகள், தனியாக இருந்து நகையைப் பறிகொடுத்த மூதாட்டி, அப்புறம் புதிதாகத் திறந்த முதியோர் இல்லக் கட்டடம். இந்த மூன்றிலும் சேராமல், மகன் மருமகளோடு வீட்டிலேயே, யாரும் கைவிடாமல், ஆனால் சரியாகக் கவனிக்கத் தெரிந்த ஒரு ஆள்கூட வந்து பார்க்காமல் கட்டிலில் கிடக்கிறவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். அவர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், வெட்டிப் போடுவதென்றால் போடுங்கள், ஆனால் மருமகள்களைப் பற்றிய பகுதியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

நான் கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்து, சமுதாய சுகாதார செவிலியராக ஓய்வு பெற்றவள். தென்காசிப் பக்கம். வேலையில் இருந்த காலம் முழுக்க நான் வீடு வீடாகப் போனது பிள்ளைத்தாய்ச்சிகளுக்காகவும் கைக்குழந்தைகளுக்காகவும்தான். உள்ளே மருமகளுக்கு ரத்த அழுத்தம் பார்த்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துவிட்டு வெளியே வரும்போது திண்ணைக் கட்டிலில் ஆச்சி படுத்திருப்பார். "எம்மா நர்ஸு, எனக்கும் ஒரு ஊசியப் போட்டுட்டுப் போயேம்மா" என்பார். சிரித்துக்கொண்டே கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, முடிந்தால் பிரஷரும் பார்த்துச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். ஏனென்றால் என் கையிலிருந்த பதிவேடு எதிலும் ஆச்சிக்குக் கட்டம் கிடையாது. கட்டம் இல்லாத ஆளுக்கு அரசு வேலையில் நேரமும் கிடையாது. சுகாதாரத் துறையில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

தாய்சேய் நலத்தில் தமிழ்நாடு பெயர் வாங்கியதற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள். டாக்டர்கள், 108 வண்டி, முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகை, எல்லாமே உண்மைதான். ஆனால் அடியில் இருந்தது பதிவேடு. சுமார் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அந்த ஐயாயிரம் பேரில் யார் யார் கர்ப்பமாக இருக்கிறார்கள், எத்தனையாவது மாதம், யாருக்கு ரத்தம் குறைவு, யாருக்குப் போன பிரசவம் சிசேரியன் என்று அந்த நர்ஸுக்குப் பெயர் பெயராகத் தெரியும். பிக்மி எண், அதாவது கர்ப்பத்தைப் பதிவு செய்கிற எண், வாங்காமல் யாரும் தப்ப முடியாது. பிரசவமான பிறகும் 42 நாள் வரை பின்தொடர வேண்டும். தப்பித்தவறி ஒரு தாய் இறந்துபோனால் அது எதனால், எந்த இடத்தில் தாமதமானது என்று மேலிருந்து கீழ்வரை உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள், அந்தக் கூட்டத்துக்குப் போகிற அன்றைக்கு யாருக்கும் சாப்பாடு இறங்காது. இப்படிச் செய்துதான் 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் ஆஸ்பத்திரிப் பிரசவம் 99.6 சதவீதம் என்ற இடத்துக்கு வந்தோம்.

இப்போது பிரசவங்கள் குறைந்துவிட்டன. அதே கணக்கெடுப்பின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளைதான். மறுபக்கம், 2021இல் தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம் என்றும் 2031இல் அது 18.2 சதவீதமாகும் என்றும் மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பே சொல்கிறது. நாட்டிலேயே கேரளாவுக்கு அடுத்து நாம்தான். கிராமத்துத் தெருவில் நடந்து பார்த்தால் இந்தக் கணக்கெல்லாம் தேவையே இல்லை, அங்கன்வாடியில் ஏழெட்டுப் பிள்ளைகள் இருக்கும், ரேஷன் கடை வரிசையில் எல்லாம் நரைத்த தலையாக இருக்கும்.

மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, நல்ல திட்டம். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கினார்கள், 2024இல் ஐ.நா. அமைப்பின் விருதும் வாங்கியது. மாத்திரைக்காக பஸ் ஏறி, நாள் முழுக்கக் காத்திருந்து, சோர்ந்துபோய் பாதியில் மருந்தையே விட்டுவிட்ட எத்தனையோ பேருக்கு இன்று வீட்டுத் திண்ணைக்கு மாத்திரை வருகிறது. அதைக் குறை சொல்கிறவள் நான் இல்லை. ஆனால் அதில் வீடு வீடாகப் போகிறவர்கள் மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த தன்னார்வலர்கள். பிரஷர் பார்ப்பார்கள், சுகர் பார்ப்பார்கள், மாத்திரை கொடுப்பார்கள், செல்போன் செயலியில் பதிவு செய்வார்கள், அவ்வளவுதான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. படுக்கையில் கிடப்பவர்களுக்குப் புண் கட்ட, சிறுநீர்க் குழாய் மாற்ற வருகிற ஆதரவு சிகிச்சை நர்ஸும், இயன்முறை மருத்துவரும் வட்டாரத்துக்கு ஒருவர் என்ற கணக்கில்தான் போட்டிருக்கிறார்கள். ஒரு வட்டாரம் என்றால் லட்சம் பேர் இருப்பார்கள். அந்தப் பெண் வண்டியில் ஏறி ஊர் ஊராகச் சுற்றி வருவதற்குள் முதலில் பார்த்தவருக்குப் புண் இன்னொரு இடத்தில் வந்திருக்கும்.

வீட்டுக்கு நர்ஸ் வருவதற்கும் மாத்திரை மட்டும் வருவதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு பக்கத்துத் தெருவில் ஒரு ஆச்சியைப் பார்க்கப் போனேன், ராத்திரியில் விழுந்து நெற்றியில் தையல் போட்டிருந்தார்கள். எண்பதை நெருங்கிய வயது. மாத்திரையெல்லாம் எங்கே என்று கேட்டேன், ஜவுளிக்கடை மஞ்சள் பை ஒன்றைக் கொண்டுவந்து கட்டிலில் கவிழ்த்தார் மருமகள். அரசாங்கம் கொடுத்த அட்டை, டவுனில் ஒரு கிளினிக்கில் வாங்கிய அட்டை, மகன் வேலை பார்க்கிற ஊருக்குப் போயிருந்தபோது அங்கே எழுதிக் கொடுத்த அட்டை. நிறம் வேறு, பெயர் வேறு. பின்பக்கத்தைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படித்தால் அதில் இரண்டு ஒரே மருந்து, அம்லோடிபின். பிரஷர் மாத்திரையை இரட்டிப்பாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். அந்த மருந்து கூடினால் கணுக்காலில் வீக்கம் வரும், வந்திருக்கிறது. வீக்கத்துக்கென்று மூன்றாவது இடத்தில் நீர் பிரிகிற மாத்திரை எழுதியிருக்கிறார்கள். அதைச் சாயங்காலம் போட்டால் ராத்திரியில் நான்கைந்து தடவை எழுந்து போக வேண்டும், கழிப்பறை வீட்டுக்குப் பின்னால் கொல்லையில், வழியில் விளக்கு கிடையாது. படுத்திருந்தவர் சட்டென்று எழுந்தால் பிரஷர் இறங்கித் தலை சுற்றும். விழாமல் என்ன செய்வார்?

இதில் எந்த டாக்டரையும் நான் குற்றம் சொல்லவில்லை, ஒவ்வொருவரும் தன் முன்னால் இருந்ததைப் பார்த்துச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். தன்னார்வலர் பெண்ணும் மாதம் தவறாமல் வந்திருக்கிறார், அவர் கணக்கில் இந்த ஆச்சி 'பிரஷர் கட்டுக்குள் உள்ளவர்'. கட்டுக்குள் என்ன, தரைமட்டத்துக்கே இறங்கியிருக்கிறது! மஞ்சள் பையையும், வீங்கின காலையும், கொல்லைக்குப் போகிற இருட்டு வழியையும் ஒரே பார்வையில் சேர்த்துப் பார்க்கிற ஆள்தான் அந்த வீட்டுக்கு வரவில்லை. படுக்கவைத்து ஒரு முறை, நிற்கவைத்து ஒரு முறை பிரஷர் பார்க்க வேண்டும் என்று தெரிந்த ஆள் வந்திருந்தால் அந்தத் தையலே தேவைப்பட்டிருக்காது. இவரையாவது நெற்றியோடு விட்டது, இதே மாதிரி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்கள் எங்கள் பக்கம் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள்.

என் அண்ணன் மகள் எம்.எஸ்சி. நர்சிங் படித்தபோது அவளோடு சேர்ந்து நானும் நிறைய ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தேன், புரியாததை அவளிடம் கேட்டுக் கேட்டுப் படித்தேன். அதில் சிலவற்றைச் சொல்ல வேண்டும். டென்மார்க்கில் கோபன்ஹேகனை ஒட்டி ரோடோவ்ரே என்று ஒரு ஊர். அங்கே 75 வயதைத் தாண்டிய சுமார் 600 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு பங்காகப் பிரித்தார்கள். ஒரு பங்கினரை மூன்று மாதத்துக்கு ஒரு முறை வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள், என்ன கஷ்டம், என்ன தேவை என்று கேட்டு ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால், வீட்டுக்குப் போன பங்கில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டது 219 தடவை, மற்ற பங்கில் 271 தடவை. இறந்தவர்கள் வீட்டுக்குப் போன பங்கில் 56, மற்ற பங்கில் 75. 1984இல் வெளிவந்த ஆய்வு இது. பெரிய மருந்து எதுவும் கொடுக்கவில்லை, அறுவை சிகிச்சை செய்யவில்லை, போய்ப் பார்த்தார்கள், தேவையானதை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். 1990களின் பிற்பகுதியில் டென்மார்க் இதைச் சட்டமாகவே ஆக்கியது. 75 வயதானவர்களை வருஷத்துக்கு இரண்டு தடவை வீட்டுக்கு வந்து பார்க்க உள்ளாட்சி முன்வர வேண்டும் என்று.

சரி, எல்லா ஊரிலும் இதே பலன் வந்ததா என்றால் வரவில்லை, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நெதர்லாந்தில் வெர்ட் என்ற ஊரில் 580 பேரை வைத்து இதே மாதிரி மூன்று வருஷம் பார்த்தார்கள், 1993இல் முடிவு வந்தது. மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆரம்பத்திலேயே உடம்பு மோசமாக இருந்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் பலன் இருக்கலாம் என்றார்கள். பிறகு 2002இல் இப்படிப்பட்ட 18 சோதனைகளை ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். யாருக்குப் பலன் அதிகம் என்பதில் ஆய்வுகளுக்குள்ளே இழுபறி இருக்கிறது, ஆனால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. முதல் வருகைக்குப் பிறகு நான்கு தடவைக்கு மேல் போகாத திட்டங்களால் முதியோர் இல்லத்துக்குப் போகிறவர்கள் எண்ணிக்கை குறையவே இல்லை, ஒன்பது தடவைக்கு மேல் திரும்பத் திரும்பப் போன திட்டங்களில் அது மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. போனாலும் சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வருவதில் பிரயோஜனமில்லை, உடம்பு, மனசு, நடை, மருந்து, வீடு எல்லாவற்றையும் முறையாகச் சோதித்துப் பார்த்த இடங்களில்தான் பலன். ஒரு முறை வந்து படம் எடுத்துக்கொண்டு போகிற முகாம்களை இதோடு சேர்த்துப் பாருங்கள், வேறு விளக்கம் வேண்டாம்.

அமெரிக்காவில் பிலடெல்பியாவில் மேரி நெய்லர் என்கிற செவிலியர் பேராசிரியர் செய்த சோதனை இன்னொன்று, 1999இல் வந்தது. இதயக் கோளாறு, அறுவை சிகிச்சை என்று ஆஸ்பத்திரியில் இருந்த 65 வயதுக்கு மேற்பட்ட 363 பேர். அவர்களில் ஒரு பகுதியினருக்கு, ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே பழகிய தேர்ந்த நர்ஸே பிறகு வீட்டுக்கும் வந்து பார்த்தார். ஆறு மாதத்துக்குள் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் அந்தப் பகுதியில் 20 சதவீதம், மற்றவர்களில் 37 சதவீதம். நம் ஊரில் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது என்ன நடக்கிறது? ஒரு டிஸ்சார்ஜ் சீட்டு, மாத்திரைப் பொட்டலம், "பத்து நாள் கழிச்சு ஓ.பி.க்கு வாங்க". மூக்கில் குழாய் போட்ட மனுஷனை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, இதில் கஞ்சியை எப்படி ஊற்றுவது என்று தெருவில் யாரையாவது கேட்கிறார்கள். படுத்த வாக்கில் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும் என்று சொல்வதற்குக்கூட ஆள் இல்லை.

இந்த இடத்தில் எல்லோரும் சொல்கிற பதில் ஒன்று இருக்கிறது. அதெல்லாம் வெள்ளைக்கார நாட்டுக்கு, அங்கே பெற்றவர்களைத் தனியாக விட்டுவிடுவார்கள், நம்மிடம் குடும்பம் இருக்கிறது, குடும்பத்துக்குக் கொஞ்சம் பயிற்சி கொடுத்தால் போதும், அவர்களே பார்த்துக்கொள்வார்கள். மேடையில் பேசினால் கைதட்டல் விழும். ஆனால் இதையே இந்தியாவில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 'அட்டெண்ட்' என்ற சோதனை, 14 ஆஸ்பத்திரிகள், பக்கவாதம் வந்த 1,250 பேர். பாதிப் பேரின் குடும்பத்தினருக்கு உடற்பயிற்சி, நடக்க வைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் ஆஸ்பத்திரியிலேயே சொல்லிக் கொடுத்து, வீட்டில் போய்த் தொடரச் சொன்னார்கள். ஆறு மாதம் கழித்து, பயிற்சி பெற்ற குடும்பங்களில் 47 சதவீத நோயாளிகள் இறந்திருந்தார்கள் அல்லது அடுத்தவர் உதவியில்லாமல் இருக்க முடியாத நிலையில் இருந்தார்கள். பயிற்சி பெறாத குடும்பங்களில்? அதே 47 சதவீதம். 2017இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. குடும்பத்தின் பாசத்தில் குறை என்று யாராவது சொல்வார்களா? தேர்ந்த ஆள் செய்ய வேண்டிய வேலையை வீட்டுக்காரர்கள் தலையில் கட்டினால் தேறாது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அப்புறம், குடும்பம் குடும்பம் என்கிறோமே, அது யார்? மகன் என்றா நினைக்கிறீர்கள்? நான் பார்த்த வீடுகளில் பத்துக்கு எட்டில் மருமகள், மீதியில் மகள், அதுவும் இல்லாவிட்டால் தானே நடக்க முடியாத மனைவி. எங்கள் பக்கம் பெண்கள் பீடி சுற்றுகிறவர்கள். மாமியார் படுக்கையில் விழுந்தால் முதலில் குறைவது பீடித்தட்டில் விழுகிற கட்டுதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட வேண்டும், துணி மாற்ற வேண்டும், ஊட்டிவிட வேண்டும், நடுராத்திரியில் எழுந்து பார்க்க வேண்டும். ஆயிரம் பீடி சுற்றின கை ஐந்நூறுகூடச் சுற்ற முடியாது, கூலி பாதியாகும், ஆனால் டயப்பர் செலவு புதிதாக வந்து சேரும். முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய் டயப்பருக்கே காணாது. தனியாகத் தூக்கித் தூக்கி அவளுக்கு முதுகு போகும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் சத்தம் போட்டுவிட்டால் தெருவே அவளை வில்லியாக்கிவிடும். மாமியாரைக் கொடுமைப்படுத்துகிற மருமகள் என்று செய்தி வரும்போது, அதில் நிஜமான கொடுமையும் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் ஒரு முழுத் தூக்கம் இல்லாமல் வருஷக்கணக்கில் இருக்கிறவளின் கதையும் அதில் கலந்து கிடக்கிறது, அதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

இதற்கும் ஆய்வு இருக்கிறது, நம் நாட்டிலேயே. கோவாவில் மறதிநோய் வந்த முதியவர்கள் உள்ள 81 குடும்பங்களைப் பார்த்தார்கள். உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் பின்னால் ஒரு மனநல மருத்துவரை நிறுத்தி, வீட்டுக்கு அனுப்பினார்கள். நோயை விளக்கிச் சொல்வது, கோபம் வரும்போது, எழுந்து ஓடும்போது எப்படிச் சமாளிப்பது, அரசு உதவி எங்கே கிடைக்கும், இவ்வளவுதான். ஆறு மாதத்தில் கவனித்துக்கொள்கிறவர்களின் மனநிலை தெளிவாக மேம்பட்டது. 2008இல் வந்த முடிவு. மறதிநோய் உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கு (66 சதவீதம்) நம்மைப் போன்ற நாடுகளில்தான், ஆனால் அந்த நோய் பற்றிய ஆராய்ச்சியில் பத்தில் ஒரு பங்குகூட இங்கே நடப்பதில்லை என்பதால் '10/66' என்றே பெயர் வைத்துக்கொண்டு ஒரு ஆய்வுக் குழு வேலை செய்தது. அதில் நம் சென்னையும் வேலூரும் உண்டு. ஆக, இங்கே ஆய்வு செய்யத் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை.

செங்கோட்டை தாண்டினால் கேரளம், எங்களுக்கு அது வெளியூரே இல்லை. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் சில டாக்டர்கள் சேர்ந்து வலி நிவாரண சேவையைத் தொடங்கினார்கள், அது ஊர் ஊராகத் தன்னார்வலர்கள் கைக்குப் போனது. 2008இல் அந்த மாநில அரசு ஆதரவு சிகிச்சைக்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது, இந்தியாவில் அதுதான் முதல். இன்று அங்கே பஞ்சாயத்துத் திட்டப் பணத்தில் ஊருக்கு ஒரு நர்ஸ் இருக்கிறார், மூன்று மாதச் சிறப்புப் பயிற்சி எடுத்தவர், ஆஷா பணியாளரும் பஞ்சாயத்து உறுப்பினரும் சில நேரம் கூடவே வருவார்கள். அங்கேயும் ஆள் போதவில்லை, சம்பளம் போதவில்லை என்ற புலம்பல் உண்டுதான். ஆனால் நர்ஸுக்குச் சம்பளம் கொடுப்பது பஞ்சாயத்து என்பதால், வராவிட்டால் யாரைக் கேட்பது என்று ஊருக்குத் தெரியும். நம் ஊரில் ஆதரவு சிகிச்சை நர்ஸ் ஒப்பந்த ஊழியர், அவர் வராவிட்டால் யாரைக் கேட்பது என்று அவருக்கே தெரியாது.

காப்பீடு பற்றி இரண்டு வரி. 2024 அக்டோபரில் 70 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் 5 லட்சம் ரூபாய் காப்பீட்டை மத்திய அரசு தொடங்கியது. ஆஸ்பத்திரியில் படுத்தால் 5 லட்சம். ஆஸ்பத்திரிக்கே போகாமல் இருக்க வீட்டுக்கு நர்ஸ் வருவதற்கு அதில் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. இடுப்பெலும்பு முறிந்தால் பணம் உண்டு, முறியாமல் இருக்கக் கழிப்பறையில் ஒரு கைப்பிடி மாட்ட வழியில்லை.

நர்சிங் கல்லூரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. தமிழ்நாட்டில் நர்சிங் கல்லூரிக்குப் பஞ்சமே இல்லை. எம்.எஸ்சி. மாணவிகள் ஆளுக்கொரு ஆய்வு செய்துதான் பட்டம் வாங்குகிறார்கள். தலைப்பைக் கேட்டால் பாதிக்குப் பாதி ஒரே மாதிரி இருக்கும். 'தேர்ந்தெடுக்கப்பட்ட கிராமத்தில் முதியோரிடையே இன்னதைப் பற்றிய அறிவு குறித்துக் கட்டமைக்கப்பட்ட கற்பித்தல் திட்டத்தின் செயல்திறன்.' அறுபது பேரைப் பிடித்து, முதலில் கேள்வித்தாள், பிறகு சார்ட் வைத்து ஒரு வகுப்பு, ஏழாம் நாள் மறுபடி அதே கேள்வித்தாள். அறிவு கூடியிருக்கிறது என்று முடிவு வரும். கூடாமல் எப்படி இருக்கும், பதிலைச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தானே கேட்கிறோம்! அந்த அறுபது பேரில் அடுத்த வருஷம் யார் விழுந்தார்கள், யார் படுத்தார்கள் என்று பார்க்க யாரும் திரும்பப் போவதில்லை. புத்தகத்தைத் தடிமன் அட்டை போட்டு நூலகத்தில் வைத்தாயிற்று.

இத்தனைக்கும் ஒவ்வொரு கல்லூரிக்கும் சமுதாயப் பயிற்சிக்கென்று கிராமங்கள் இருக்கின்றன. வருஷா வருஷம் புது மாணவிகள் பையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், வீட்டுக்குள் போனதும் பழைய பேப்பரை விரித்து (பெரும்பாலும் உங்கள் பத்திரிகைதான்) அதன் மேல் பையை வைத்து, கை கழுவி, முறைப்படி ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார்கள், பார்க்க அழகாக இருக்கும். அதே கிராமம், அதே பெரியவர்கள், வருஷம் தவறாமல் வருகிற மாணவிகள். ரோடோவ்ரேயில் செய்ததை நம் ஊரில் செய்ய இதைவிட என்ன வேண்டும்? ஒரு கல்லூரி ஒரு இருநூறு பெரியவர்களை எடுத்துக்கொண்டு, சீனியர் விட்ட இடத்திலிருந்து ஜூனியர் தொடர்ந்து, மூன்று வருஷம் பின்தொடர்ந்தால் போதும். எத்தனை பேர் விழுந்தார்கள், எத்தனை பேருக்குப் படுக்கைப் புண் வந்தது, எத்தனை பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், கவனித்துக்கொள்கிறவர் ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று எண்ணினாலே அது உலகத்துக்குச் சொல்லக்கூடிய ஆய்வு. மும்பையில் உள்ள மக்கள்தொகை நிறுவனம் 2017-18இல் 45 வயதுக்கு மேற்பட்ட சுமார் 72,000 பேரை நாடு முழுக்கச் சந்தித்து முதுமை பற்றிய கணக்கெடுப்பை நடத்தியது. யாருக்கு என்ன நோய் என்ற படம் அதில் கிடைத்துவிட்டது. என்ன செய்தால் குறையும் என்பதைத்தான் ஊர் ஊராகச் செய்து பார்க்க வேண்டியிருக்கிறது.

நான் கேட்பது ஒன்றும் புதிதில்லை, தாய்சேய் நலத்தில் செய்து காட்டியதைத்தான். துணை சுகாதார நிலையத்துக்கு ஒரு முதியோர் பதிவேடு. அதில் 70 தாண்டிய ஒவ்வொருவர் பெயரும், தனியாக இருக்கிறாரா, நடமாட்டம் எப்படி, கடந்த வருஷத்தில் விழுந்தாரா, என்னென்ன மாத்திரை, கவனிக்கிறவர் யார், அவர் உடம்பு எப்படி இருக்கிறது. இதில் அபாயத்தில் இருப்பவர்களைச் சிவப்புப் பேனாவில் குறித்து, அவர்களுக்கு மாதம் ஒரு முறையாவது ஒரே நர்ஸ். ஒவ்வொரு தடவை ஒவ்வொருவர் வந்தால் போன மாதம் இந்த அம்மா சுவரைப் பிடிக்காமல் நடந்தார், இந்த மாதம் பிடித்து நடக்கிறார் என்பது யாருக்கும் தெரியாது. மாத்திரையில் சந்தேகம் என்றால் அங்கிருந்தே ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்குப் போன் போட்டு மாற்றச் சொல்லும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும், அதற்குத்தான் டாக்டரிடம் ஆன்லைனில் ஆலோசனை கேட்கிற இ-சஞ்சீவனியெல்லாம் வந்திருக்கிறது. தாய் இறந்தால் விசாரிக்கிற மாதிரி, ஒரு பெரியவருக்கு இடுப்பெலும்பு முறிந்தாலோ எலும்பு தெரிகிற அளவுக்குப் படுக்கைப் புண் வந்தாலோ, எங்கே தவறியது என்று வட்டார அளவில் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஒரு வருஷம் கேட்டுப் பாருங்கள், மாவட்டத்தில் எத்தனை கழிப்பறை வழிக்கு விளக்கு வந்துவிடுகிறது என்று.

இப்போது இருக்கிற கிராம சுகாதார செவிலியர் தலையிலேயே இதையும் ஏற்றாதீர்கள். அவர்கள் ஏற்கெனவே செயலிக்கும் அறிக்கைக்கும் பதில் சொல்லியே களைத்துப்போகிறார்கள், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டில் உட்கார்ந்து போனில் பதிவு ஏற்றுகிற பெண்களை எனக்குத் தெரியும். தனி ஆள் வேண்டும். நர்சிங் முடித்துவிட்டு தனியார் ஆஸ்பத்திரியில் சொற்பச் சம்பளத்துக்கு நைட் டியூட்டி பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைகள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். கன்னியாகுமரியிலிருந்து கல்ஃப் வரைக்கும், ஜெர்மனி வரைக்கும் நம் பிள்ளைகள் போய் அந்த ஊர்ப் பெரியவர்களைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். சொந்த ஊரில் அதே வேலைக்கு ஒரு நிரந்தரப் பணியிடம் இல்லை.

ஆட்சியில் யார் இருந்தாலும் இதைக் கேட்பேன். ரேஷன் பொருளையே 70 வயதானவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க 2025இல் தாயுமானவர் திட்டம் வந்ததே, அந்தப் பட்டியலில் பெயரும் விலாசமும் தயாராக இருக்கிறது. பதிவேட்டின் முதல் பக்கத்தை அங்கிருந்தே எழுத ஆரம்பிக்கலாம்.

அடுத்த கிராம சபையில், எங்கள் ஊராட்சியில் படுக்கையில் இருப்பவர்கள் எத்தனை பேர், கடைசியாக அவர்களை நர்ஸ் வந்து பார்த்தது எந்தத் தேதி என்று கேட்டு மனு கொடுக்கப் போகிறேன். கூட நான்கு பீடி சுற்றுகிற பெண்களும் கையெழுத்துப் போடுகிறார்கள். வாசகர்கள் அவரவர் ஊரிலும் கேட்கலாம், ஒரு வெள்ளைத்தாள் செலவுதான். பதில் என்ன வந்தது என்று எழுதுகிறேன், நீங்கள் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சமுதாய சுகாதார செவிலியர்,
தென்காசி மாவட்டம்.